25 வெள்ளிக்கு ஒரு பறை, ஒரு கொம்பாங், ஒரு ஹேர் டிரையர்

போன சனிக்கிழமை மகள் என்னைச் சிங்கப்பூர் ஜாலான் புசார் பக்கம் ஒரு கடைவீட்டின் மூன்றாம் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "இண்டி ஃபோக்குப்பா, அவங்களே எழுதிப் பாடுற நாட்டுப்பாட்டு மாதிரி, வந்து கேட்டுப் பாருங்க, உங்களுக்குப் பிடிக்கும்" என்றாள். டிக்கெட் 25 வெள்ளி, ஒரு கிளாஸ் பண்டோங், அதாவது ரோஸ் சிரப் கலந்த பால், உட்பட. மின்தூக்கி கிடையாது. என் முழங்காலின் கச்சேரி பாட்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள். ஏழரை மணிக்கு என்று சொல்லி, எட்டேகாலுக்கு ஆரம்பித்தார்கள். சரி, நம்ம ஆட்கள்.

முதலில் கிட்டாரோடு ஒரு பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பாட்டியோடு உட்கார்ந்திருந்த மாலைகளைப் பற்றிச் சொந்தமாக எழுதிய பாட்டுகள். விரல் ஒவ்வொரு தந்தியாகக் கிள்ளும் அழகு நன்றாக இருந்தது. ஆனால் 'ழ' வரவில்லை. "மலை வரும், மலை வரும்" என்று உருகி உருகிப் பாடினார். இந்த ஊரில் இருப்பதே 163 மீட்டர் புக்கிட் தீமா ஒன்றுதான், அது எங்கே கிளம்பி வரப்போகிறது என்று யோசித்துக்கொண்டிருந்ததில் பாதிப் பாட்டு போய்விட்டது. மகள் முறைத்தாள். ஒன்று சொல்ல வேண்டும், பாட்டுக்கு நடுவே இவர் பேசியதெல்லாம் ஆங்கிலம், பாடியது மட்டும் தமிழ். பாட்டியிடம் பேசுவதுபோல் எங்களிடமும் பேசியிருந்தால் அந்த 'ழ'வைக்கூட மன்னித்திருப்பேன்.

அடுத்து இரண்டு பையன்கள், ஒருவர் வயலின், ஒருவர் கிட்டார். ரஜூலா கப்பலைப் பற்றி ஒரு பாட்டு. 1926இலிருந்து 1973 வரை தமிழ்நாட்டிலிருந்து இந்தப் பக்கம் ஆட்களை ஏற்றி வந்த கப்பல். என் அப்பாவும் அதில்தான் வந்தார், நாகப்பட்டினத்தில் ஏறி, மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து. பாட்டில் கப்பல் நேராகச் சிங்கப்பூர் வந்து சேர்கிறது. அப்பாவின் கதையில் பினாங்கு கட்டாயம் வரும், அங்கே இறங்கிப் போனவர்களைப் பற்றியே அரை மணி நேரம் சொல்வார். அது ஒரு குறை. பெரிய குறை, ஒலி அமைப்பாளர் குரலில் ஏற்றிவிட்ட எதிரொலி. குளியலறையில் வயலின் கேட்ட மாதிரி, பாதி வரிகள் சுவரில் முட்டிக் கரைந்தன.

இடைவேளையில் காற்று வாங்கப் படிக்கட்டுக்குப் போனேன். அங்கே ஒரு தம்பி மடியில் பறையை வைத்துக்கொண்டு ஹேர் டிரையரால் தோலுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். இடையிடையே விரலால் சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். முதலில் 'தொப்' என்றது, போகப் போக 'டங்' என்று நிமிர்ந்தது. "வைக்கோல் கொளுத்தினால் தீயணைப்புக்காரங்க வந்துடுவாங்க அண்ணே" என்றார். பக்கத்தில் மலாய் இளைஞர் ஒருவர், கையில் கொம்பாங் என்ற மலாய்க் கைமேளம். அதற்குச் சூடு தேவையில்லையாம். சட்டத்துக்கும் தோலுக்கும் நடுவே ஒரு பிரம்புத் துண்டை உள்ளே தள்ளி இறுக்கிக் காட்டினார். அந்தப் பிரம்புக்குப் பெயர் செடாக். இரண்டும் தோல் கட்டிய வட்டச் சட்டம்தான். பறைக்கு மெல்லிய சிம்புக்குச்சியும் தடித்த அடிக்குச்சியும், கொம்பாங்குக்கு வெறும் உள்ளங்கை.

கடைசிக் குழு இவர்களுடையது. பெயர் இன்னும் வைக்கவில்லையாம். முதல் பாட்டில் பறைக்கு முன்னால் மைக்கை நிறுத்தி, அறையே அதிர்ந்து, முன்வரிசையில் ஒரு அம்மா காதைப் பொத்திக்கொண்டார். இத்தனை சின்ன அறையில் பறைக்கு மைக் எதற்கு? நல்லவேளை, இரண்டாம் பாட்டில் அந்தத் தம்பியே மைக்கைத் தள்ளி வைத்தார். ஏர்கானையும் நிறுத்தச் சொன்னார்கள். அப்புறம் நடந்த பத்து நிமிடத்துக்காகவே 25 வெள்ளி கொடுக்கலாம். ரப்பர் தோட்டத்துத் தாலாட்டு ஒன்றை ஒரு பெண் சன்னமாகப் பாட, சிம்புக்குச்சி பறையின் ஓரத்தில் மட்டும் மழைத்தூறல் மாதிரி விழுந்துகொண்டிருந்தது, கொம்பாங் அடியில் மெல்ல நடந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

தைப்பூச ஊர்வலத்தில் 1973இல் இசைக்குத் தடை வந்து, 2016இல்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. தோல் சத்தமே இல்லாத தைப்பூசத்தில் காவடிக்குப் பின்னால் நடந்து வளர்ந்தவன் நான். அதனாலோ என்னவோ, அந்தத் தம்பியின் மணிக்கட்டை விட்டுக் கண்ணை எடுக்கவே முடியவில்லை.

அடுத்த மாதம் மறுபடியும் இருக்கிறதாம். போகிறவர்கள் ஏழரைக்கு அடித்துப் பிடித்து ஓட வேண்டாம், முதலில் பக்கத்து லிட்டில் இந்தியாவில், நம்ம தேக்காவில், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உள்ளே பண்டோங்கைத் தவிர ஒன்றும் கிடையாது, அதிலும் ஐஸ்தான் அதிகம். ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி, இடப்பக்கச் சுவரோரம் உட்காருங்கள். ஒரு விசிறியும் எடுத்துக்கொள்ளுங்கள்.