ஹெரால்டின் வலது கதவு: ஒன்பது வருஷக் கணக்கு

மச்சான் போன வாரம் போன் பண்ணினார். "கோயம்புத்தூர்ல ஒரு ட்ரையம்ப் ஹெரால்டு கன்வெர்ட்டிபிள் விலைக்கு வந்திருக்கு மாப்ளே, வாங்கலாமா?" கூரையைக் கழற்றி ஓட்டும் பழைய இங்கிலாந்துக் கார் அது. அவருக்குச் சொல்ல ஆரம்பித்தது நீண்டுவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பதும் அதே கன்வெர்ட்டிபிள்தான், 1200 மாடல். ஐயா பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டு வந்தது. கானாடுகாத்தான் வீட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்கடியில் கிடந்ததை எடுத்து ஒன்பது வருஷமாக ஓட்டுகிறேன். எஞ்சின் பற்றிக் குறையில்லை. ஒடித்துத் திருப்புவதில் இதை அடிக்க வண்டியே கிடையாது, எங்கள் தெருவிலேயே ஒரே வீச்சில் திரும்பிவிடும். ஆனால் டிரைவர் பக்கக் கதவு இருக்கிறதே, அது என் ஆயுளில் பாதியைத் தின்றது.

கதவின் பின்பக்க மேல்மூலை, அதை ஒட்டி நிற்கும் பாடித் தூணில் இடிக்கும். அதே கதவின் கீழ்ப்பக்கம் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்து நிற்கும். ஓங்கி அறைந்தால்தான் லாக் விழும். அந்தச் சத்தத்தை வைத்தே அடுத்த வீட்டு ஆச்சி நான் ஊருக்கு வந்துவிட்டதைக் கண்டுபிடிப்பார்.

முதலில் பார்த்த டிங்கர் கீலைத் தளர்த்திக் கதவைத் தூக்கி வைத்தார். இரண்டு வாரம் நன்றாக இருந்தது. அடுத்தவர் மேல்மூலையைக் கிரைண்டரில் தேய்த்துவிட்டு, கீழே இருந்த சந்தை அரை அங்குலப் பட்டி போட்டு மூடி, மேலே பெயின்ட் அடித்துப் பளபளவென்று கொடுத்தார். கோட்டையூர் வேகத்தடையில் அந்தப் பட்டி அப்பளம் மாதிரி உடைந்து ரோட்டில் விழுந்தது. திரும்பிப் போய்க் கேட்டால், "பழைய வண்டி சார், இப்படித்தான் இருக்கும்" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

வழி காட்டியவர் கார் மெக்கானிக்கே இல்லை. வீட்டு முன்கதவுக்குக் குடுமி மாற்ற வந்த ஆசாரி. நான் ரப்பர் சுத்தியலோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தவர், "கதவு இடிச்சா கதவையா தம்பி செதுக்குவாங்க? நிலை கோணியிருக்கானு பாருங்க" என்றார். நூல் எடுத்து வலது, இடது கதவுத் திறப்புகளின் மூலைவிட்டங்களை அளந்தார். இரண்டுக்கும் 9 மில்லிமீட்டர் வித்தியாசம்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஹெரால்டு ஒரே கூடாக வார்த்த வண்டி இல்லை. ட்ரையம்புக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டதால், அடியில் தனி சேஸிஸ் (இரும்புச் சட்டம்) போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட்டில் மாட்டினார்கள். 1959-ல் வந்த வண்டி. கூரை இருந்தால் அது கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். கன்வெர்ட்டிபிளில் அதுவும் இல்லை. பாடி நடுவில் தொய்ந்தால் கதவின் மேல் சந்து நெருங்கும், கீழே விரியும். என் கதவு ஒன்பது வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தோம். மழையில் ஒழுகிய ஹூட்டின் (மடக்குக் கூரையின்) புண்ணியத்தில் வலது அவுட்ரிக்கர், அதாவது சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கை, துருப்பிடித்திருந்தது, பாடிக்கும் அதற்கும் நடுவிலிருந்த பேக்கிங் நசுங்கிப் பிஸ்கட்டாகியிருந்தது. கதவுத் திறப்புக்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பு கட்டிய பிறகுதான் போல்ட்டைத் தொட்டோம். இதைத் தவறவிட்டால் பாடி இன்னும் மடங்கும். துருவை வெட்டிப் புதுத் தகடு வெல்டிங். பிறகு பலகை வைத்து ஜாக்கால் மெல்லத் தூக்கி, நடுவில் ஷிம் எனும் மெல்லிய தகடுகளை ஒன்றன் மேல் ஒன்றாகச் சொருகினோம். ஸ்டாண்டில் ஏற்றி வைத்து அளந்தால் அளவு பொய் சொல்லும், நாலு சக்கரமும் தரையில் நிற்க வேண்டும். காரைக்குடிக்கு ஒரு நடை போய் வந்து, திரும்ப முறுக்கினோம். அதற்குப் பிறகுதான் கீல், கடைசியில் லாக் தட்டு. எஞ்சினை மூடும் முன்மூடி (பானெட்) முழுசாக முன்னால் கவிழும் வண்டி இது. அதன் பின்விளிம்பு கதவோடு சேர வேண்டும் என்பதால் முன்னாலிருக்கும் அதன் போல்ட்டுகளைக் கதவு முடிந்த பிறகே தொட்டோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இப்போது மேலிருந்து கீழ்வரை இரண்டு தீக்குச்சி கனம், ஒரே சீராக. இரண்டு விரலால் தள்ளினால் "டிக்". போன திங்கட்கிழமை சும்மாவே இருபது தடவை திறந்து மூடினேன். வீட்டில் சிரித்தார்கள்.

மச்சானுக்கு என் பதில்: வாங்காதீங்க. ஹூட்டைக் கழற்றிவிட்டுச் சாயங்காலம் பள்ளத்தூர் பக்கம் போகிற சுகம் வேறு எந்த வண்டியிலும் கிடையாது, கண்கொள்ளாத அழகு, ரிப்பேரும் கையடக்கம்தான். இருந்தாலும் வேண்டாம். மூன்று ஞாயிறு போல்ட்டுக்கடியில் மல்லாந்து கிடந்தவன் சொல்கிறேன். நேற்றிலிருந்து இடது கதவின் மேல்மூலையில் பெயின்ட் லேசாகத் தேய்ந்திருப்பது தெரிகிறது. ஆசாரிக்குப் போன் பண்ணியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை வருகிறாராம்.