பின்பக்கத்து ஸ்டிக்கர்: மணமில்லாத ஒரு லோஷனோடு இரண்டு வருடம்

"முகத்துல எதைப் போட்டாலும் எரியுது. நீங்க போடுறது என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஒரு வரியில் முடிய வேண்டிய பதில். பாட்டிலின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் விலை ஸ்டிக்கர்தான் அதை இவ்வளவு நீளமாக்கிவிட்டது.

முதலில் லோஷனுக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். மருந்துக் கடையில் கிடைக்கும், பம்ப் வைத்த, மணம் சேர்க்காத மாய்ஸ்சரைசர். ஐந்து பாட்டில் காலியாகிவிட்டது. வாசனை கிடையாது, மினுமினுப்பு கிடையாது, போட்டது போலவே தெரியாது. தொட்டதற்கெல்லாம் சிவக்கும் தோலுக்கு இப்படிப்பட்ட மந்தமான பொருள்தான் ஒத்துவரும். கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, பெட்ரோலேட்டமும் டைமெதிகோனும் அதன்மேல் மூடியாக உட்காருகின்றன, செட்டில் ஆல்கஹால் குழைவு தருகிறது. ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்துப் பயந்து பாட்டிலைத் திருப்பி வைப்பவர்கள் உண்டு. செட்டில், ஸ்டியரில் இரண்டும் மெழுகு மாதிரியான கொழுப்பு வகை, தோலை உலர்த்தாது. 'டினேச்சர்ட் ஆல்கஹால்' என்று பட்டியலின் முதல் நாலைந்து பெயர்களுக்குள் வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

குளித்து முடித்து மூன்று நிமிடத்துக்குள், துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் லேசாக இருக்கும்போதே போட வேண்டும். சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து அப்படி இரண்டரை கோடு. கத்திரி வெயிலில் பாதி போதும். அந்தப் புழுக்கத்தில் மேலே கெட்டியாக மூடினால் வியர்வை வெளியேறாமல் வேர்க்குரு வந்து நிற்கும், பழி லோஷன்மேல் விழும்.

இனி ஸ்டிக்கர்.

இறக்குமதியாளர் பெயரும் விலையும் அச்சடித்த அந்த வெள்ளைச் சதுரம் ஐந்து பாட்டிலிலும் மாறாமல் ஒரே இடத்தில் இருந்தது: சேர்மானப் பட்டியலின் நட்டநடுவில். பாட்டிலின் முன்பக்கத்தில் நிறைய வெற்றிடம். அங்கே ஒட்ட மனம் வரவில்லை. சாதாரணத் தோல் உள்ளவருக்கு இது பொருட்டே இல்லை. உணர்திறன் மிக்க தோல் உள்ளவருக்கோ அந்தப் பாட்டிலில் படிக்கத் தகுந்த ஒரே பகுதி அதுதான்.

முன்பக்கத்தில் இருப்பதெல்லாம் அலங்காரம். 'ஹைப்போஅலர்ஜெனிக்', அதாவது ஒவ்வாமை வர வாய்ப்புக் குறைவு என்ற சொல்லுக்குச் சோதனை அடிப்படையில் வரையறை கொடுக்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1975-இல் ஒரு விதி கொண்டுவந்தது. இரண்டு அழகுப்பொருள் நிறுவனங்கள் நீதிமன்றம் போக, 1977-இல் அது ரத்தானது. அன்றிலிருந்து அங்கே அந்தச் சொல்லை எதன்மேலும் எழுதிக்கொள்ளலாம். 'தோல் மருத்துவர்கள் பரிசோதித்தது' என்பதும் அதே ரகம். பரிசோதித்தார்கள் சரி, என்ன முடிவு வந்தது? 'அன்சென்டட்' இன்னும் ஒரு படி மேல். மூலப்பொருளின் நாற்றத்தை மறைக்க ஒரு வாசனைப் பொருளைச் சேர்த்துவிட்டும் அப்படிப் போடலாம். தேட வேண்டியது 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ'. அதையும் நம்பிவிடாமல் பட்டியலில் பர்ஃப்யூம், லினலூல், லைமோனீன், சிட்ரொனெல்லால், ஜெரானியால், லாவண்டர் எண்ணெய், ஆரஞ்சுத் தோல் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லினலூலும் லைமோனீனும் காற்றுப் பட்டு ஆக்ஸிஜனேற்றம் அடையும்போதுதான் ஒவ்வாமையை அதிகம் கிளப்புகின்றன. பாதி தீர்ந்து மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கும் 'இயற்கை' க்ரீம் திடீரென்று அரிப்பது இதனால்தான். பச்சைக் குழந்தைகளுக்கான லோஷன் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் ஒருமுறை முகர்ந்து பார்க்கட்டும்.

ஐரோப்பாவில் 2005 முதல் 26 வாசனைப் பொருட்களைப் பெயர் சொல்லி அச்சிட்டாக வேண்டும். 2023-இல் அந்தப் பட்டியல் எண்பதைத் தாண்டியது. நம் ஊர் விதிப்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் இருப்பவை அளவின் இறங்குவரிசையில் வர வேண்டும். அதற்குக் கீழே இருப்பவை எந்த வரிசையிலும் வரலாம். ஒவ்வாமை தருகிற சங்கதிகள் பெரும்பாலும் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் கிடக்கும். 'கடைசியில்தானே இருக்கு, கொஞ்சமாத்தான் இருக்கும்' என்ற சமாதானம் ஒவ்வாமைக்குப் புரியாது. இதைவிடக் கொடுமை, 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும் 30 கிராமுக்குக் குறைந்த க்ரீமுக்கும் பட்டியலே அச்சிட வேண்டியதில்லை. எரியுமோ என்று பயந்து சின்ன டியூப் வாங்கிச் சோதிப்பவருக்குத்தான் உள்ளே என்ன என்று தெரியாது. என்ன நியாயமோ!

பொருள் கெடாமல் காக்கச் சேர்க்கும் பாரபென் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். 'பாரபென் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டால் விற்கிறது. தண்ணீர் சேர்ந்த லோஷனில் ஏதாவது ஒரு பதப்படுத்தி இல்லாவிட்டால் கிருமி வளரும். எனவே பாரபென் போன இடத்துக்கு வேறொன்று வந்தாக வேண்டும். பல பொருட்களில் அப்படி வந்தது மெத்தில்ஐசோதயசோலினோன். அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013-இல் அதற்கு 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' பட்டம் கொடுத்தது. கழுவாமல் தோலிலேயே விடும் பொருட்களில் அதை ஐரோப்பா 2017-இல் தடை செய்தது. அதே சங்கம் 2019-இல் பாரபென்களை 'ஒவ்வாமை தராத பொருள்' என்று அறிவித்தது. நம் கடைகளில் பாரபென் இன்னும் வில்லன்தான். மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பெயரோ வாயில் நுழையாததால் தப்பித்துவிடுகிறது. ஷாம்பூ, ஈரத்துடைப்பான், பாத்திரம் கழுவும் திரவம் எல்லாவற்றிலும் பாருங்கள். முகத்து அரிப்புக்கு ஷாம்பூ நுரை காரணமாக இருப்பதும் உண்டு.

ஸ்டிக்கர்மேல் இவ்வளவு கோபம் ஏன் என்பதற்கு நான்காவது பாட்டிலே சாட்சி. அதே நிறம், அதே பெயர், ஓரத்தில் 'புதிய தோற்றம்' என்று ஒரு வரி. ஸ்டிக்கரை உரித்தால், உள்ளே இருப்பதும் புதிது. பாரபென் கிளம்பிப்போய் நியாசினமைடும் ஒரு செடிச் சாறும் குடியேறியிருந்தன. நியாசினமைடு நல்ல பொருள்தான், ஆனால் சிலருக்கு முகம் சிவந்து சூடேறும். பழைய சரக்கு அதே வாரம் முப்பது சதவீதத் தள்ளுபடியில் போய்க்கொண்டிருந்தது. திடீர் விலைக்குறைப்பைக் கண்டால் காலாவதித் தேதியோடு பட்டியலையும் ஒப்பிடுங்கள்.

ஆகவே ஏற்கெனவே ஒத்துக்கொண்ட பொருளாக இருந்தாலும், பட்டியல் மாறினால் புதுப்பொருள் என்றே எடுத்துக்கொண்டு சோதிக்க வேண்டும். காதுக்குப் பின்னால் ஒரு நாள் தடவிப் பார்ப்பது போதாது. ஒவ்வாமை வெளியே தெரிய இரண்டு முதல் நான்கு நாள் பிடிக்கும், சில சமயம் அதற்கும் மேல். முழங்கையின் உட்புற மடிப்புக்குக் கீழே, பெரிய நாணயம் அளவு இடத்தில், காலையும் இரவும் ஒரே இடமாகப் பார்த்து ஏழு நாள் போட வேண்டும். பத்து நாள் போட்டால் இன்னும் நல்லது. ஃபேஸ்வாஷ் என்றால் தடவி விட்டுவிடக் கூடாது; தேய்த்துக் கழுவுங்கள். அரை மணி ஊறவிட்டால் எவர் தோலும் எரியத்தான் செய்யும். போட்ட நொடியில் சுரீரென்று எரிந்து பத்து நிமிடத்தில் அடங்கினால் பெரும்பாலும் வெறும் எரிச்சல். வெடித்த தோலில் யூரியாவும் லாக்டிக் அமிலமும் அப்படித்தான் செய்யும். மறுநாளோ மூன்றாம் நாளோ அரிப்போடு தடித்துச் சின்னக் கொப்புளம் கிளம்பினால் ஒவ்வாமையாக இருக்கலாம். நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போய் முதுகில் ஒட்டிச் செய்யும் பேட்ச் டெஸ்ட் பற்றிக் கேளுங்கள்.

அதற்குப் பதில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய க்ரீம் இரண்டே நாளில் எல்லாவற்றையும் அடக்கினால் சந்தோஷப்படாமல் டியூபைத் திருப்புங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் சொல்லாமல் முகத்தில் வாரக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, நிறுத்தியதும் இன்னும் சிவக்கும்.

இன்னொரு ஸ்டிக்கரும் நினைவுக்கு வருகிறது: நெற்றிப் பொட்டு. பொட்டு வைக்கும் இடத்தில், அதே வட்டத்தில் தோல் வெளுத்தால் காரணம் பெரும்பாலும் பசைதான். பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபினால் சேர்ந்த பசை தோலின் நிறமிச் செல்களைக் கெடுக்கும். அதை எந்த மாய்ஸ்சரைசரும் சரிசெய்யாது. பொட்டை நிறுத்துவதுதான் முதல் வேலை.

தீர்ப்பு. பொருளுக்குப் பத்துக்கு ஒன்பது தாராளமாகக் கொடுக்கலாம். இருந்தும் நண்பருக்கு இதன் பெயரைச் சொல்லவில்லை. அவர் வாங்கும் பாட்டிலில் எந்தப் பட்டியல் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மணம் சேர்க்காத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி ஒரு டப்பா வாங்கி, இரவில் மட்டும் மெலிதாகப் பூசச் சொல்லியாயிற்று. அதில் இருப்பது ஒரே பொருள்; ஸ்டிக்கரால் மறைக்க அங்கே ஒன்றுமில்லை. ஆறாவது பாட்டில் இதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டது என்பது வேறு கதை.

அதன் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினால் கீழே உள்ள எழுத்தும் சேர்ந்து போய்விடும். தேங்காய் எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டு, ஓரத்திலிருந்து மெதுவாக இழுத்தால் முழுசாக வரும். அட்டைப்பெட்டியில் இது பலிக்காது, எண்ணெய் ஊறிவிடும்.