ஓணச்சந்தையில் 133 ரூபாய்க்கு வாங்கிய காய்

பாவக்காயின் காம்பு வெட்டிய இடம் இன்னும் ஈரமாக இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்ததுமே பையை விரித்துவிட்டேன்.

கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையோர ஊர் எங்களுடையது. நான் தையல்காரி, வீட்டுக்காரர் பெயிண்டிங் வேலைக்குப் போகிறார். ஓணத்துக்கு முன்னால் நாலு நாள் கிருஷிபவன் (கேரள வேளாண் துறையின் உள்ளூர் அலுவலகம்) சார்பில் காய்கறிச் சந்தை போடுவார்கள். விவசாயிக்குச் சந்தை விலையைவிட 10 சதவீதம் கூட்டிக் கொடுத்து எடுப்பார்கள். நமக்கு வெளிக்கடை விலையில் 30 சதவீதம் குறைத்துத் தருவார்கள். இடையில் விழும் துண்டை அரசாங்கம் போடுகிறது.

முதல் நாள் வாங்கியது: பாவக்காய் ஒரு கிலோ 42, சேனை ஒரு கிலோ 49, பயற்றங்காய் அரைக் கிலோ 28, வெண்டை அரைக் கிலோ 14. மொத்தம் 133. இதையே தெருமுனைக் கடையில் வாங்கினால் 190 ஆகியிருக்கும். மிச்சமான 57 ரூபாயில் அன்றைக்குப் பால் வாங்கினேன். மாதக் கடைசியில் இது எவ்வளவு பெரிய உதவி என்பது தினக்கூலி வீட்டுக்குத்தான் தெரியும்.

பாவக்காய் எங்கள் பக்கத்துத் தோட்டத்து அண்ணனுடைய பந்தலில் பறித்தது. "மத்த நாள்ல இதைப் பொள்ளாச்சிக்கு ஏத்துவேன் தங்கச்சி, வண்டி வாடகையும் கமிஷனும் போக ஒண்ணும் நிக்காது. இங்க எடை போட்டதோட வேலை முடிஞ்சுது" என்றார். அவருக்கும் கூடுதல் விலை, எனக்கும் குறைந்த விலை. இப்படி ஒரு கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மனசுக்குக் கஷ்டமான ஒன்றும் உண்டு. இரண்டாம் நாள், கூலி கைக்கு வந்தபிறகு சாயங்காலம் ஆறரைக்குப் போனோம். தட்டில் நாலு மத்தங்காய்தான் (பூசணிதான்) கிடந்தது, பாக்கியெல்லாம் மதியத்துக்குள்ளேயே தீர்ந்துவிட்டதாம். வேலைக்குப் போகிறவர்களுக்குக் காசு வரும் நேரமே அதுதான். சாயங்காலத்துக்கென்று நாலு கூடை ஒதுக்கி வைக்கலாம். நாலு நாளோடு நிறுத்தாமல் வாரம் ஒரு நாளாவது நடத்தலாம். இதை அங்கிருந்த சேச்சியிடமும் சொன்னேன், எழுதிக்கொண்டார்.

போகிறவர்கள் காலை எட்டரைக்கே போய்விடுங்கள், பை கொண்டு போங்கள். சின்ன வெங்காயமும் தக்காளியும் வெளியூர்ச் சரக்கு, வாடியிருந்தன. முதலில் பந்தல் காய்களைப் பாருங்கள்.