ஜேம்ஸுக்குப் பின்னால் இன்னோர் எஸ் வேண்டுமா?

ஆங்கிலத்தில் உடைமை காட்ட, ஒருமைப் பெயருக்குப் பின் அப்பாஸ்ட்ரஃபி (’) என்ற மேற்குறியும் எஸ்ஸும் வரும். எஸ்ஸில் முடியும் பன்மைக்கு அப்பாஸ்ட்ரஃபி மட்டும் போதும். இதுவரை தகராறு இல்லை. ஜேம்ஸ், டிக்கன்ஸ், ஹாரிஸ் என ஒருவரின் பெயரே எஸ்ஸில் முடியும்போதுதான் பாதை இரண்டாகப் பிரிகிறது.

அமெரிக்கப் பதிப்பகங்கள் பெரிதும் நம்பும் சிகாகோ நடைக் கையேடு, அப்பாஸ்ட்ரஃபிக்குப் பிறகு இன்னோர் எஸ் போடச் சொல்கிறது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ஏபி கையேடு, அப்பாஸ்ட்ரஃபியோடு நிறுத்தச் சொல்கிறது. 2024இல் கமலா ஹாரிஸ் அதிபர் தேர்தலில் நின்றபோது, ‘ஹாரிஸின்’ என்று எழுத ஏபி செய்திகளில் ஓர் எஸ், நியூயார்க் டைம்ஸில் இரண்டு. நீதிபதிகளும் ஒத்துப்போகவில்லை. 2006இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் கான்சஸ் எதிர் மார்ஷ் வழக்கில், பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய கிளாரன்ஸ் தாமஸ் ‘கான்சஸின்’ என்பதை அப்பாஸ்ட்ரஃபியோடு முடித்தார். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய டேவிட் சூட்டர் எஸ்ஸையும் சேர்த்தார்.

எங்கள் பரிந்துரை சிகாகோ வழிதான். ‘ஜேம்ஸின் புத்தகம்’ என்பதை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ‘ஜேம்ஸிஸ் புக்’. அந்தக் கடைசி ‘இஸ்’ காதில் விழுகிறது. காதில் விழுவதைக் கையும் எழுதட்டும். இன்னொரு காரணமும் உண்டு. ஏபி முறையில் ஆள் பெயருக்கு ஒரு விதி, பாஸ், விட்னஸ் போன்ற பொதுச்சொற்களுக்கு வேறு விதி. பொதுச்சொல்லுக்கு அதுவும் எஸ் கேட்கிறது. சிகாகோவிலும் முன்பு ஒரு விலக்கு இருந்தது: பழங்கால கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் போல ‘ஈஸ்’ ஒலியில் முடியும் பெயர்களுக்கு எஸ் வேண்டாம் என்றது. 2010இல் வந்த 16ஆம் பதிப்பு அதை நீக்கிவிட்டது. ஆனால் நீங்கள் எழுதுவது ஏபி நடையைப் பின்பற்றும் பத்திரிகைக்கு என்றால் பேச்சே இல்லை, ஏபிதான்.

பெரிய பிழை நடப்பது குடும்பப் பெயரில். ஜோன்ஸ் குடும்பத்தாரின் வீடு என்று எழுத, பலர் ஜோன்ஸோடு நேராக அப்பாஸ்ட்ரஃபியும் எஸ்ஸும் ஒட்டுகிறார்கள். அது ஒரே ஒரு ஜோன்ஸின் வீடாகிவிடும். முதலில் இ, எஸ் சேர்த்து ‘ஜோன்ஸிஸ்’ என்று பன்மையாக்குங்கள், பிறகு அப்பாஸ்ட்ரஃபி. தமிழிலும் இதே வரிசைதான்: யானை, கள், இன். நமக்கு ஒருமைக்கும் பன்மைக்கும் ‘இன்’ மாறுவதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் ஆங்கிலத்திலும் ஒரே அடையாளத்தை எல்லா இடத்திலும் ஒட்டிவிடுகிறோம். மென், சில்ட்ரன் போல எஸ் இல்லாமல் முடியும் பன்மைக்கு மட்டும் ஒருமையைப் போலவே இரண்டும் வேண்டும்.

ஊர், இடப் பெயருக்குள்ளேயே உடைமை இருந்தால் எந்தக் கையேடும் செல்லாது. லண்டனின் செயின்ட் ஜேம்ஸ் பூங்காவுக்கு அப்பாஸ்ட்ரஃபிக்குப் பின் எஸ் உண்டு. நியூகாசில் கால்பந்து அணியின் அதே பெயர்கொண்ட மைதானத்துக்குக் கிடையாது. பலகையில் உள்ளபடியே எழுதுங்கள்.