ரிசப்ஷனுக்கு 'ஹெச்டி மேக்கப்' புக் பண்றவங்க அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி இத படிங்க

மதுரைல என் தங்கச்சி ரிசப்ஷனுக்கு ஒரு மேக்கப் ஆர்ட்டிஸ்ட்ட புக் பண்ணோம், ஹெச்டி பிரைடல் பேக்கேஜ்னு (கேமரா க்ளோசப்ல கூட தோலு மிருதுவா தெரியுற மாதிரி போடுற கல்யாணப் பொண்ணு மேக்கப்) 25,000 ரூபா, ஹேர், சாரி டிரேப்பிங் எல்லாம் சேர்த்து. அவங்க பேஜ்ல வீடியோ எல்லாம் சூப்பரா இருக்கும். இப்ப திரும்பப் போய் பாத்தா தான் புரியுது, எல்லாமே ஜன்னல் வெளிச்சத்துல ஃபில்டர் போட்டு எடுத்தது, ஃப்ளாஷ் அடிச்சு எடுத்த போட்டோ தேடுனாலும் கிடைக்காது.

அன்னைக்கு ஃபவுண்டேஷன், கன்சீலர் வரைக்கும் நல்லா தான் போச்சு. அப்புறம் கண்ணுக்கு கீழ, மூக்கு மேல, தாடைல எல்லாம் லூஸ் பவுடர ஸ்பாஞ்ச்ல தொட்டு தொட்டு அப்பி 'பேக்கிங்'னு (baking, பவுடர் முகத்துல செட் ஆகட்டும்னு) கொஞ்ச நேரம் விட்டாங்க. டப்பா பெரிய பிராண்ட் டப்பா, ஆனா லேபிள் பாதி உரிஞ்சு கிடக்கு, காலியானதும் ஒரு ஜிப் கவர்லேர்ந்து வெள்ளையா எதையோ அதுல கொட்டிக்கிட்டாங்க. என்னக்கா இதுன்னு கேட்டா "இம்போர்ட்டட்மா, டிரான்ஸ்லூசென்ட், கலரே தெரியாது, எல்லா ஸ்கின்னுக்கும் செட் ஆகும்"னு பதில். கண்ணாடில பாத்தப்ப உண்மையிலேயே அழகா இருந்துச்சு, அதனால யாரும் ஒண்ணும் சொல்லல.

மேடைல பாதி கூட்டம் வந்து போட்டோ எடுத்து போன அப்புறம் போட்டோகிராஃபர் தம்பி என்னை ஓரமா கூப்பிட்டு கேமராவ ஜூம் பண்ணி காட்டுனாரு. கண்ணுக்கு கீழ ரெண்டு பக்கமும், மூக்குத்தண்டுல, தாடைல, திருநீறு குழைச்சு பூசுன மாதிரி வெள்ளை. கழுத்து மட்டும் அவ கலர்ல இருக்கு. பாவம் அவரு ஃப்ளாஷ மேல திருப்பி சீலிங்ல அடிச்சு எடுத்தாரு, கொஞ்சம் குறைஞ்சுது, ஆனா தாத்தா பாட்டி கூட எடுத்த போட்டோ எல்லாம் அதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

இதுக்கு ஃப்ளாஷ்பேக்னு பேரு. ஹெச்டி பவுடர் நிறையதுல சிலிகாங்கிற ரொம்ப நைஸான வெள்ளைப் பொடி தான் மெயின். சாதா வெளிச்சத்துல அது தெரியாது, தோலு மிருதுவா காட்டும், ஆனா கேமராலேர்ந்து நேரா ஃப்ளாஷ் அடிச்சா அந்த லைட்ட அப்படியே கேமராவுக்கே திருப்பி விடும். அப்பி போட்டா இன்னும் மோசம், மாநிறம், கருப்பு ஸ்கின்ல பளிச்சுனு தெரியும். 2014ல ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலிக்கே நியூயார்க்ல ரெட் கார்பெட்ல இது ஆகி ஊரெல்லாம் அந்த போட்டோ சுத்துச்சு, அதனால தெரியாத விஷயம்னு ஒரு ப்ரொஃபஷனல் சொல்லவே முடியாது.

மறுநாள் போட்டோ அனுப்பி கேட்டா முதல்ல "உங்க போட்டோகிராஃபருக்கு லைட்டிங் தெரியல", அப்புறம் "பொண்ணு கொஞ்சம் டார்க், அதான்". மதுரைல உக்காந்துக்கிட்டு மாநிறத்துக்கு மேக்கப் போட தெரியாதுன்னா வேற யாருக்கு தான் போடுவாங்கன்னு தெரியல. பாதி காசாவது திருப்பி கொடுங்கன்னு கேட்டதும் பிளாக்.

டிரையல் கேளுங்க, டிரையல் முடிஞ்சதும் ரூம் லைட்ட அணைச்சிட்டு ஃபோன் ஃப்ளாஷ்ல நேரா ஒரு போட்டோ எடுங்க, அங்கேயே தெரிஞ்சிடும். அவங்க எடுத்த வீடியோவ நம்பாதீங்க, பழைய கஸ்டமரோட கல்யாண ஆல்பம் போட்டோ காட்ட சொல்லுங்க. நம்ம ஸ்கின்னுக்கு மஞ்சள் டின்ட் உள்ள பவுடர் லேசா போட்டாலே போதும், அதுவும் எண்ணெய் வழியுற இடத்துல மட்டும். டப்பாவ கைல வாங்கி பாருங்க, பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி, தயாரிச்சவங்க அட்ரஸ் இருக்கணும், இம்போர்ட்டட்னா இம்போர்ட் பண்ணவங்க பேரும் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பரும் இருக்கணும். ஜிப் கவர் பவுடர்னா முகத்துலயே வைக்க விடாதீங்க.

பேக்கேஜ் பேசுன சாட், ஜிபே ஸ்கிரீன்ஷாட், போட்டோ எல்லாம் வச்சு நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல கம்ப்ளைன்ட் கொடுத்திருக்கோம். ஆல்பத்துக்கு முகத்த சரி பண்ண டிசைனர் போட்டோவுக்கு இவ்வளவுன்னு தனியா கேக்குறாரு, அந்த பில்லையும் அதுலயே சேர்க்கப் போறோம்.