நேர்காணலுக்கு முந்தைய மாலை: ஒரு மருத்துவக் கல்லூரியின் மாணவர் சந்திப்பு

அமெரிக்காவின் மருத்துவக் கல்லூரிகள் பலவும், நேர்காணலுக்கு வருபவர்கள் அங்கே படிக்கும் மாணவர்களோடு பேசிப் பழகுவதற்கென்று முந்தைய நாள் மாலையில் ஒரு சந்திப்பை நடத்துகின்றன. கலந்துகொள்வது அவரவர் விருப்பம் என்று அழைப்பிலேயே எழுதியிருப்பார்கள். 2020க்கு முன்பு இது பெரும்பாலும் நேரில் நடந்தது. வெளியூரிலிருந்து வரும் விண்ணப்பதாரரை மாணவர்களே தங்கள் வீட்டில் ஓரிரவு தங்கவைக்கும் வழக்கமும் சில கல்லூரிகளில் இருந்தது. கொரோனா காலத்தில் நேர்காணல்கள் இணையவழிக்கு மாறியபோது இந்தச் சந்திப்பும் ஜூம் திரைக்கு வந்தது. மத்திய மேற்கு மாநிலம் ஒன்றின் அரசு மருத்துவக் கல்லூரி இந்தப் பருவத்தில் நடத்திய அத்தகைய சந்திப்பில் கலந்துகொண்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதல் அரை மணி நேரம் சிறப்பாக இல்லை. எல்லோரையும் ஒரே அறையில் வைத்துப் பெயர், ஊர், பொழுதுபோக்கு என்று வரிசையாகச் சொல்லவைத்தார்கள். ஒருவர் தம் ஆராய்ச்சியைப் பற்றியே நீண்ட நேரம் பேசினார். வழிநடத்திய மாணவி புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தாரே தவிர, பேச்சை அடுத்தவரிடம் கொண்டுசெல்லவில்லை.

அதன் பிறகு சிறு சிறு அறைகளாகப் பிரித்ததும் சந்திப்பின் தரமே மாறிவிட்டது. எங்கள் அறையில் விண்ணப்பதாரர்கள் நால்வரும், முதலாம் ஆண்டு மாணவர் ஒருவரும், மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரும் இருந்தோம். மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1, 2022 ஜனவரியிலிருந்து தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டுமே அறிவிக்கப்படுவதால், பின்னர் சிறப்புப் பயிற்சி இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது, மருத்துவமனைச் சுழற்சிகளில், அதாவது துறை துறையாக மாறிச் செய்யும் பயிற்சியில், பெறும் மதிப்பெண்ணுக்கு எடை கூடியிருக்கிறது. அது எப்படி முடிவாகிறது என்பது எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமான கேள்வி. கல்லூரியின் இணையதளத்தில் அதற்கு ஒரு பத்தி இருக்கிறது. மூன்றாம் ஆண்டு மாணவியோ, சுழற்சியின் முடிவில் வரும் ஷெல்ஃப் என்னும் அந்தத் துறைக்கான எழுத்துத் தேர்வுக்கு எவ்வளவு பங்கு, உடனிருந்து கவனிக்கும் மருத்துவர்களின் மதிப்பீட்டுக்கு எவ்வளவு பங்கு, எந்தத் துறையில் அந்த மதிப்பீடு ஆளுக்கு ஆள் அதிகம் மாறுபடுகிறது என்பதை மறைக்காமல் சொன்னார். அறுவை சிகிச்சைச் சுழற்சியின்போது விடியுமுன் எழுந்து, காரின் கண்ணாடியில் உறைந்திருக்கும் பனியைச் சுரண்டிவிட்டு நாற்பது நிமிடம் ஓட்டிச் செல்ல வேண்டும் என்றும், கார் இல்லாதவர்கள் இங்கே மிகவும் சிரமப்படுவார்கள் என்றும் அவர் கூறியதை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை.

தேர்வு ஒன்றில் தவறினால் முதலில் யாரிடம் போவீர்கள் என்று இன்னொருவர் கேட்டார். முதலாம் ஆண்டு மாணவர் தயங்காமல், கற்றல் ஆலோசகரின் அறை எந்த மாடியில் இருக்கிறது என்பது உட்பட விவரித்ததோடு, தாமே அங்கே போயிருப்பதையும் சொன்னார். ஒரு கல்லூரி தன் மாணவர்களை எப்படி நடத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவைப்படவில்லை. குடும்பத்தில் மருத்துவர் யாரும் இல்லாத பிள்ளைகளுக்கு இத்தகைய செய்திகள் வேறு வழியில் எளிதில் கிடைப்பதில்லை. ஐடி வேலைக்காக இங்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் அப்படிப்பட்ட பிள்ளைகள் நிறையவே இருக்கிறார்கள்.

இங்கே பேசுவது மதிப்பீட்டில் சேராது என்று தொடக்கத்திலேயே அறிவித்தார்கள். அதை நான் நம்புகிறேன். ஆயினும் பல கல்லூரிகளின் சேர்க்கைக் குழுவில் மாணவர்களும் இடம்பெறுவதால், கேமராவை அணைத்துவைத்துக் கடைசிவரை ஒரு வார்த்தையும் பேசாமல் இருப்பதோ, பிற கல்லூரிகளைக் குறைத்துப் பேசுவதோ முறையாகாது. அதற்காக மனப்பாடம் செய்த கேள்விகளோடு போகவும் வேண்டாம். உண்மையிலேயே அறிய விரும்பும் இரண்டு விஷயங்கள் கைவசம் இருந்தால் போதும். மறுநாள், இந்தக் கல்லூரி ஏன் என்று நேர்காணலில் கேட்டபோது, மாணவர்களே நடத்தும் இலவச மருத்துவமனையில் முதலாம் ஆண்டிலேயே என்னென்ன பொறுப்புகள் தருகிறார்கள் என்று முந்தைய மாலை கேட்டறிந்ததை வைத்து என்னால் திருத்தமாகப் பதில் சொல்ல முடிந்தது.

ஒரு குறையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சந்திப்பு அவர்கள் ஊர் நேரப்படி மாலை ஆறு மணிக்குத் தொடங்கியது; கலிபோர்னியாவில் அப்போது மணி நான்குதான் என்பதால், அங்கே பகல் நேர வேலையில் இருப்பவர்கள் விடுப்பு எடுத்தால்தான் வர முடியும். வர இயலாதவர்கள் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதினால், ஒரு மாணவரோடு தனியாகப் பேச ஏற்பாடு செய்து தருவதாக அழைப்பின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. அந்த வரியை அவர்கள் மேலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி அச்சிட்டிருக்க வேண்டும்.