இருக்கை மாறியதைப் பார்த்து ஏமாந்தேன்

ஓசியில் பிசினஸ் கிளாஸ் கிடைக்குமா என்று கேட்கப் போய், ஆறு வருடமாக விமானத்தில் பறந்து சேர்த்த மைல்களை, அதாவது டிக்கெட் எடுக்க உதவும் புள்ளிகளை, மொத்தமாகத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எப்படி ஏமாந்தேன் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் சந்தேகப்படும்படி எதுவுமே எனக்குத் தெரியவில்லை.

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு ஒரு நீண்ட பயணம் போட்டிருந்தோம். விமான நிறுவனத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில், "அப்கிரேட் செய்ய வாய்ப்பு உண்டா?" என்று கேட்டு வைத்தேன். பத்தே நிமிடத்தில் பதில். அதே லோகோ, அதே பெயர், கடைசியில் மட்டும் ஒரு சின்னக் கோடு கூடுதலாக இருந்திருக்கிறது. அதை யார் பார்த்தது? பிஎன்ஆரும் லாஸ்ட் நேமும் தனிச்செய்தியில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. பேசியவர் என் அப்பா பெயரைச் சொல்லி "மிஸ்டர்" போட்டு அழைத்தார். டிக்கெட்டில் லாஸ்ட் நேம் இடத்தில் அதுதானே இருக்கிறது, கவுண்டரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அதனால் உறுத்தவில்லை. பயணத் தேதி, சொல்லி வைத்த சைவ சாப்பாடு, 38 ஈ இருக்கை, பக்கத்தில் 38 டியில் மனைவி என்று எல்லாவற்றையும் ஒப்பித்தார். அப்புறம்தான் அந்த வித்தை. "முதல் கட்டமாக உங்களை முன்னால் நகர்த்துகிறேன் சார், ஆப்பைத் திறந்து பாருங்கள்" என்றார். பார்த்தேன். என் கண் முன்னாலேயே 38 ஈ போய் 31 சி வந்தது.

இதற்கு மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

அடுத்து, "அப்கிரேட் உறுதி எண்" வரும், சொல்லுங்கள் என்றார். வந்தது. யாரிடமும் பகிர வேண்டாம் என்ற வரியையும் சேர்த்தே வாசித்துக் காட்டினேன், அவ்வளவு நல்ல மனிதன் நான். "மேடத்துக்கும் சேர்த்துப் போடுகிறோம், பயண நாள்வரை ஆப்பைத் திறக்காதீர்கள், நடுவில் நின்றுவிடும்" என்றார். திறக்கவில்லை.

விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண்தான் விளக்கினார். ஆறு எழுத்து பிஎன்ஆரும் லாஸ்ட் நேமும் இருந்தால் போதும், பல நிறுவனங்களின் தளங்களில் யாரும் நம் டிக்கெட்டைத் திறக்கலாம், இருக்கையை மாற்றலாம். அந்த ஆசாமி செய்தது அதைத்தான், நானே வீட்டில் உட்கார்ந்து செய்திருக்கக்கூடிய வேலை. நான் சொன்ன எண் என் மைல் கணக்கின் ஓடிபி. கடவுச்சொல்லை மாற்றி, மைல்களை வைத்து வேறு யாருக்கோ டிக்கெட் எடுத்திருக்கிறார்கள். ஓடிபியை நீங்களேதானே கொடுத்தீர்கள் என்று நிறுவனம் கையை விரித்துவிட்டது.

போர்டிங் பாஸைப் படம் பிடித்துப் போடுகிறவர்களுக்கும் இதே கதிதான், அதிலும் பிஎன்ஆர் இருக்கிறது. அச்சில் மறைத்தாலும் பார்கோடுக்குள் இருக்கும். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020இல் இன்ஸ்டாகிராமில் அப்படி ஒரு படம் போட்டார். அதை வைத்து அவருடைய பாஸ்போர்ட் எண்ணையே ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். நல்லவேளை, அவர் திருடன் இல்லை, உரியவர்களிடம் சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் அந்தப் பெண் சொன்னார். எகானமியில் இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டால்தான் பெரும்பாலும் இலவசமாக மேலே ஏற்றுவார்களாம். அதுவும் அடிக்கடி பறக்கும் உயர்நிலை உறுப்பினர்களுக்குத்தான் முதலில், அனேகமாக கடைசி நேரத்தில் கேட்டில் வைத்துத்தான். மூன்று நாள் முன்பே போன் போட்டு யாரும் தருவதில்லை. காசு கட்டி ஏலம் கேட்கும் அப்கிரேட் வேறு, அதற்கும் போனில் ஓடிபி கேட்க மாட்டார்கள்.

விமானம் நிறைந்துவிட்டதால் பழைய இருக்கையும் திரும்பக் கிடைக்கவில்லை. நான் 31 சியில் தனியாக, மனைவி ஏழு வரிசை பின்னால். 38 ஈயில் வந்தவர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை அவள் தோளில் சாய்ந்து குறட்டை விட்டாராம்.